நூலகவியல் முதுகலைப் படிப்புக்கு எந்த உதவியை ஏற்பது? ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் நூலகவியல் முதுகலைப் படிப்பில் சேரவிருப்பவர்கள் உதவித்தொகை பற்றிக் கேட்கும்போது, பெரும்பாலும் கையில் இரண்டு கடிதங்களை வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். ஒன்று தொழில்முறைச் சங்கம் ஒன்றிலிருந்து வந்தது: ஐயாயிரம் டாலர், நிபந்தனை அதிகமில்லை. மற்றொன்று பல்கலைக்கழக நூலகத்திலிருந்து வந்தது: வாரம் இருபது மணி நேர வேலை, மாதச் சம்பளம், கல்விக்கட்டண விலக்கு. சிலருக்கு மூன்றாவதாக, தாம் ஏற்கெனவே வேலை பார்க்கும் நூலகமே படிப்புச் செலவில் ஒரு பங்கைத் தருவதாகச் சொல்லியிருக்கும். எல்லாவற்றையும் ஒருசேர ஏற்க முடிந்தால் சிக்கலே இல்லை. ஆனால் நேரமும், விதிகளும், சில சமயம் பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகமும் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நூலகத்தில் ஒருநாளும் வேலை செய்திராத ஒருவருக்கு, அவரை நூலகத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தும் உதவியே சிறந்தது. அதைவிட இரண்டு மடங்கு தொகை வேறிடத்தில் கிடைத்தாலும் நான் இதையே சொல்வேன். ஏற்கெனவே நூலகத்தில் பணிபுரிபவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் தகுதி. இதை முதலில் பார்க்காமல் பல வாரங்களைக் கட்டுரை எழுதுவதில் செலவழித்தவர்கள் உண்டு. அமெரிக்க நூலகச் சங்கமும் அதன் பிரிவுகளும் தரும் உதவித்தொகைகளில் பெரும்பாலானவை அமெரிக்க அல்லது கனடியக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே உரியவை. மாணவர் விசாவில் வருபவருக்கு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியே இருக்கும். அதோடு, சேரும் படிப்பு அச்சங்கத்தின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும் என்பது ஏறத்தாழ எல்லா உதவித்தொகைகளுக்கும் பொதுவான நிபந்தனை. நூலகப் பள்ளிகளுக்குத் தரம் வகுக்கும் வேலையை அச்சங்கம் 1924-இல் தொடங்கியது. இன்றும் பல்கலைக்கழக நூலகங்களும் பெரிய பொது நூலகங்களும் வேலை விளம்பரத்தில் அந்த அங்கீகாரத்தைக் கேட்கின்றன. ஆகவே அங்கீகாரம் இல்லாத படிப்பைக் கட்டணம் குறைவு என்பதற்காகத் தேர்ந்தெடுப்பவர் உதவித்தொகையோடு வேலை வாய்ப்புகளையும் சேர்த்தே இழக்கிறார்.

இரண்டாவது, கையில் உண்மையில் நிற்கும் பணம். கடிதத்தில் உள்ள எண்ணுக்கும் இதற்கும் வரி, கட்டாயக் கட்டணங்கள், பிற உதவியில் ஏற்படும் குறைப்பு ஆகியவை இடைவெளியை உண்டாக்குகின்றன. மூன்றாவது, அந்த உதவி எடுத்துக்கொள்ளும் நேரம். நான்காவது, படிப்பு முடிந்த பிறகும் தொடரும் கடப்பாடு. ஐந்தாவது, பணத்தோடு கூட வருவது: அனுபவம், வழிகாட்டி, பரிந்துரைக் கடிதம் எழுதக்கூடிய மனிதர்கள். நூலகத் துறையில் இந்த ஐந்தாவதுக்கு மற்றத் துறைகளைவிட எடை கூடுதல் என்பது என் கருத்து. தொடக்கநிலைப் பணிக்கான விளம்பரங்கள்கூட ஓரிரு ஆண்டு அனுபவத்தைக் கேட்கும் துறை இது. பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு முதல் வேலைதான் எல்லாவற்றிலும் கடினமானது.

## பல்கலைக்கழக உதவியாளர் பணி

முதுகலை மாணவரைப் பல்கலைக்கழகமே பகுதிநேர ஊழியராக எடுத்துக்கொண்டு, சம்பளத்தோடு கல்விக்கட்டணத்தை முழுவதுமாகவோ பகுதியாகவோ தள்ளுபடி செய்யும் ஏற்பாடு இது. பாதிநேரப் பணி என்றால் வாரத்துக்கு 20 மணி நேரம்; கால்நேரப் பணி என்றால் 10 மணி நேரம். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தைப் போன்ற, பெரிய நூலகமும் பழமையான நூலகப் பள்ளியும் ஒரே இடத்தில் அமைந்த வளாகங்களில் இந்த வழி வலுவாக இருக்கிறது. மாணவர் விசாவில் உள்ளவர்களும் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்ய விதி அனுமதிப்பதால், வெளிநாட்டு மாணவர்களுக்கு நடைமுறையில் இதுவே முதன்மையான வழி.

பணத்தைக் காட்டிலும் இதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. இரவு ஒன்பது மணிக்குத் தகவல் மேசையில் உட்கார்ந்திருக்கும் ஓர் உதவியாளரை நினைத்துப் பாருங்கள். ஒரு மாணவர் வந்து கைபேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறார்: எங்கோ எடுத்த அடிக்குறிப்பின் பாதி. ஆசிரியரின் குடும்பப் பெயரும் ஆண்டும் இருக்கின்றன. இதழின் பெயர் வெட்டுப்பட்டிருக்கிறது. "இந்தக் கட்டுரை வேண்டும்" என்கிறார். உதவியாளர் தேடத் தொடங்குமுன் இரண்டு கேள்விகள் கேட்கிறார்: எந்தப் பாடத்துக்கு, எதை நிறுவுவதற்கு? மூன்றாவது நிமிடத்தில், அவருக்கு வேண்டியது அந்தக் கட்டுரையே அன்று, அதே பொருளில் அண்மையில் வந்த ஏதேனும் ஓர் ஆய்வு என்பது வெளியே வருகிறது. வாசகர் கேட்பதற்கும் அவருக்குத் தேவைப்படுவதற்கும் உள்ள இந்த இடைவெளியைப் பற்றிப் பாடமாகப் படிக்கலாம். ஆனால் நூறு இரவுகள் அந்த மேசையில் இருந்தவருக்குத்தான் அது கைவரும். நேர்காணலில் "கடினமான வாசகர் ஒருவரை எப்படிக் கையாண்டீர்கள்?" என்று கேட்கும்போது, அவரிடம் சொல்வதற்கு ஒன்று இருக்கும்.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். கட்டண விலக்கு என்பது கல்விக்கட்டணத்துக்கு மட்டுமே உரியது. மருத்துவக் காப்பீடு, தொழில்நுட்பக் கட்டணம், வளாகச் சேவைக் கட்டணம் ஆகியவை பெரும்பாலும் தனியே நிற்கும். ஒவ்வொரு செமஸ்டரிலும் இவை எவ்வளவு என்று சேர்வதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குவது அவசியம்.

இன்னொன்றைப் பலர் அறிவதில்லை. கற்பித்தலிலோ ஆய்விலோ ஈடுபடும் முதுகலை மாணவருக்குத் தரப்படும் கட்டண விலக்குக்கு அமெரிக்க வரிச் சட்டம் சலுகை தருகிறது. நூலக உதவியாளரின் பணி சில பல்கலைக்கழகங்களில் இவ்விரண்டிலும் சேராமல் நிர்வாகப் பணியாக வகைப்படுத்தப்படுகிறது. அப்படியானால், ஓராண்டில் 5,250 டாலருக்கு மேற்பட்ட கட்டண விலக்கை வரிக்குரிய வருமானமாகக் கணக்கிட நேரலாம். விலக்கு பணமாகக் கைக்கு வருவதில்லை. ஆனால் அதற்கான வரி மாதச் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும். ஆண்டின் பிற்பகுதியில் திடீரென்று சம்பளம் சுருங்குவதைக் கண்டு திகைத்த மாணவர்களின் கதை பெரும்பாலும் இதுதான். பணி நியமனக் கடிதத்தில் உள்ள பதவியின் வகைப் பெயரைப் பார்த்து, அதற்கு வரி எப்படி என்று சம்பளப் பிரிவில் கேட்டுவிட்டால் இந்த அதிர்ச்சி இராது.

நியமனம் ஓராண்டுக்கா, இரண்டாண்டுக்கா என்பதும் முக்கியம். ஓராண்டு நியமனம் புதுப்பிக்கப்படாவிட்டால் இரண்டாம் ஆண்டுக்கான முழுக் கட்டணமும் மாணவரின் தலையில் விழும். வாரம் 20 மணி நேர வேலையோடு முழுநேரப் படிப்பு, சிறு குழந்தைகள் உள்ளவர்களுக்கு மிகுந்த பாரமாகிவிடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வளாகத்துக்கே வந்து படிக்க முடிந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் இந்த வழி திறந்திருக்கிறது. இணையவழியில் படிப்பவர்களுக்கு இது அரிதாகவே கிடைக்கும்.

## தொழில்முறைச் சங்கங்களின் உதவித்தொகைகள்

இந்த வகையில் பலருக்கும் தெரிந்தது ஸ்பெக்ட்ரம் உதவித்தொகை. நூலகர்களிடையே போதிய இடம்பெறாத இனச் சமூகங்களிலிருந்து புதிய நூலகர்களை உருவாக்கும் நோக்கோடு அமெரிக்க நூலகச் சங்கம் 1997-இல் இத்திட்டத்தை ஏற்படுத்தியது. தொகை 5,000 டாலர். அதோடு சங்கத்தின் ஆண்டு மாநாட்டை ஒட்டி நடக்கும் தலைமைப் பயிற்சியில் பங்கேற்கும் வாய்ப்பும் சேர்ந்து வருகிறது. ஆராய்ச்சி நூலகங்களின் சங்கம் நடத்தும் கலைடோஸ்கோப் திட்டம் பல்கலைக்கழக, ஆராய்ச்சி நூலகங்களை நோக்கிச் செல்பவர்களுக்கானது. அதில் தொகையோடு வழிகாட்டி ஒருவரும், ஆராய்ச்சி நூலகம் ஒன்றை நேரில் சென்று பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கின்றன.

ஐயாயிரம் டாலர் என்பது இரண்டாண்டுப் படிப்பின் செலவில் சிறு பங்குதான். இத்திட்டங்களின் உண்மையான மதிப்பு, ஒரே ஆண்டில் தேர்வானவர்கள் பின்னாளில் ஒருவரையொருவர் தாங்குவதில் இருக்கிறது. நூலகத் துறையில் சக ஊழியர் என்ற சொல் ஒரு கட்டடத்தோடு முடிவதில்லை. வேறு மாநிலத்தில் வேலை காலியாவதை முதலில் சொல்பவரும், விண்ணப்பத்தைப் படித்துத் திருத்தித் தருபவரும் இப்படிக் கிடைத்த நண்பர்களாகவே இருப்பார்கள். தம் துறையில் தம்மைப் போன்றவர் வேறு யாரும் இல்லாத ஒரு நூலகத்தில் தனியாக நிற்கப்போகிறவருக்கு இந்தத் துணை பணத்தில் அளக்க முடியாதது.

இங்கே கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வெளி உதவித்தொகை வந்ததும், பல்கலைக்கழகம் தன் உதவியைக் குறைத்துக்கொள்ளலாம். புரிவதற்காக ஓர் எடுத்துக்காட்டு: ஓராண்டு மொத்தச் செலவு 30,000 டாலர் என்றும், பல்கலைக்கழகம் தேவையின் அடிப்படையில் 12,000 டாலர் தருகிறது என்றும் வைத்துக்கொள்வோம். மாணவர் கட்ட வேண்டியது 18,000. சங்கத்திலிருந்து 5,000 வருகிறது. பல்கலைக்கழகம் தன் பங்கை 7,000 ஆகக் குறைத்துவிட்டால், மாணவர் கட்ட வேண்டியது அதே 18,000 தான். மாதக்கணக்கில் உழைத்து எழுதிய கட்டுரைகளின் பயன் பல்கலைக்கழகத்தின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. சில பல்கலைக்கழகங்கள் முதலில் கடன் பங்கைக் குறைக்கின்றன. அது மாணவருக்கு நல்லதே. எதைக் குறைப்பார்கள் என்பதை நிதியுதவி அலுவலகத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். கடிதத்தில் "மொத்தச் செலவுக்கு ஏற்ப மாற்றத்துக்கு உட்பட்டது" என்னும் பொருளில் ஒரு வரி இருந்தால், அந்த வரியைக் குறித்துத்தான் முதல் கேள்வி எழ வேண்டும்.

வரியைப் பொறுத்தவரை, பட்டம் பெறுவதற்காகப் படிக்கும் மாணவர் (முதுகலை மாணவரும் இதில் அடக்கம்) கல்விக்கட்டணத்துக்கும் கட்டாயப் பாடநூல்களுக்கும் செலவிடும் உதவித்தொகைக்கு வரி இல்லை. வாடகைக்கும் உணவுக்கும் செலவிடும் பகுதிக்கு உண்டு. தொகை எதற்குச் செலவானது என்பதற்கான ரசீதுகளை எடுத்துவைப்பது நல்லது.

## ஒரு பிரிவுக்கென்று உள்ள உதவித்தொகைகள்

குழந்தைகள் நூலகம், மருத்துவ நூலகம், சட்ட நூலகம் என்று ஒவ்வொரு பிரிவின் சங்கமும் தனித்தனியே உதவித்தொகை வைத்திருக்கிறது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் குழந்தைகள் சேவைப் பிரிவு தரும் ஃபிரெடெரிக் மெல்ச்சர் உதவித்தொகை அவற்றுள் நன்கு அறியப்பட்டது. 1922 முதல் வழங்கப்பட்டுவரும் நியூபெரி பதக்கத்துக்கு யோசனை சொன்ன பதிப்பாளரின் பெயரில் அமைந்தது அது.

இங்கே எடைபோட வேண்டியது நான்காவது அளவுகோலான கடப்பாடு. குழந்தைகள் பிரிவின் உதவித்தொகைகளைப் பெறுபவர், படிப்பு முடிந்தபின் குறைந்தது ஓராண்டாவது குழந்தைகளுக்கான நூலகப் பணியில் இருப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பணிதான் தம் வாழ்க்கை என்று உறுதியாக இருப்பவருக்கு இது கட்டுப்பாடே இல்லை. எப்படியும் அவர் அங்கேதான் இருக்கப்போகிறார். படிப்பில் சேரும்போது குழந்தைகள் நூலகத்தில் பிடிப்போடு வந்து, இரண்டாம் செமஸ்டரில் ஆவணக்காப்பகத்தின் பக்கம் மனம் திரும்பியவருக்கோ, வாங்கிய பணம் உறுத்தலாகிவிடும். மனம் திரும்புவது குற்றமன்று. முதுகலைப் படிப்பின் பயன்களில் அதுவும் ஒன்று. ஆகையால் பிரிவைப் பற்றித் தெளிவில்லாதவர் முதல் ஆண்டில் இவ்வகை உதவியை நாடாமலிருப்பதே நேர்மை. ஆனால் காத்திருப்பதற்கும் எல்லை இருக்கிறது: நூலகவியல் உதவித்தொகைகள் பலவும் படிப்பின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கே தரப்படுவதால், பாதிக்கு மேல் படித்துவிட்டவர் தகுதி இழக்கக்கூடும்.

போட்டியைப் பொறுத்தவரை இந்த வகைக்கு ஓர் அனுகூலம் உண்டு. பொது உதவித்தொகைக்கு எல்லாரும் விண்ணப்பிக்கிறார்கள். சட்ட நூலகத்துக்கோ மருத்துவ நூலகத்துக்கோ போக விரும்புபவர்கள் சிலரே. அந்தச் சிலரிலும் ஏன் அந்தத் துறை என்பதைத் தெளிவாக எழுதக்கூடியவர்கள் இன்னும் சிலர்.

## மானியத்தில் நடக்கும் குழுத் திட்டங்கள்

அமெரிக்க அரசின் அருங்காட்சியக, நூலகச் சேவைகள் நிறுவனம், லாரா புஷ் பெயரில் அமைந்த 21-ஆம் நூற்றாண்டு நூலகர் திட்டத்தின்கீழ் நூலகப் பள்ளிகளுக்கு மானியம் கொடுத்துவந்திருக்கிறது. மாணவர் அரசிடம் நேரே விண்ணப்பிப்பதில்லை. மானியம் பெற்ற பல்கலைக்கழகம் ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து, கட்டணத்தில் பெரும்பங்கையோ முழுவதையுமோ ஏற்கும். லத்தீன் அமெரிக்க வழியினரையும் பழங்குடியினரையும் மனத்தில் கொண்டு அரிசோனா பல்கலைக்கழகம் 2001-இல் தொடங்கிய நாலெட்ஜ் ரிவர், இப்படிக் குழுவாகப் படிக்கவைக்கும் திட்டங்களுக்கு முன்னோடி.

கிடைத்தால் இதற்கு இணை இல்லை: கட்டணம், நூலகத்தில் பணி அனுபவம், வழிகாட்டி, உடன் படிக்கும் குழு ஆகியவை ஒன்றாக வருகின்றன. ஆயினும் மானியத்தின் ஆயுளே இதன் ஆயுள். 2025 மார்ச்சில் அந்நிறுவனத்தைச் சட்டம் அனுமதிக்கும் குறைந்த அளவுக்குச் சுருக்க வேண்டும் என்று அதிபரின் ஆணை பிறந்தது. அடுத்த மாதமே நடைமுறையில் இருந்த மானியங்கள் பல நிறுத்தப்பட்டன. விவகாரம் நீதிமன்றங்களுக்குப் போனது. படிப்பின் நடுவில் இருக்கும் மாணவரை இது எங்கே கொண்டுபோய் விடும் என்று எண்ணும்போதே மனம் பதைக்கிறது. இப்படிப்பட்ட திட்டத்தில் இடம் கிடைத்தவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: மானியம் நின்றுபோனால், சேர்ந்துவிட்ட மாணவர்களின் கட்டணத்தைப் பல்கலைக்கழகம் ஏற்குமா? எழுத்தில் "ஆம்" என்று வந்தால் தயங்காமல் சேரலாம்.

## வேலை தரும் நூலகமே செலவை ஏற்பது

நூலக வரலாற்றில் இந்த வழிக்கு மதிப்புமிக்க ஒரு முன்மாதிரி இருக்கிறது. கணித விரிவுரையாளராக இருந்த சீ. இரா. அரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். பல்கலைக்கழகம் அவரை லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரிக்கு நூலகவியல் படிக்க அனுப்பியது. பதவி முதலில், படிப்பு பிறகு. இன்று பொது நூலகங்களில் உதவியாளராகவோ எழுத்தராகவோ பணிபுரிந்துகொண்டே இணையவழியில் முதுகலை படிப்பவர்களின் பாதையும் அதுதான்.

அமெரிக்காவில் முதலாளி தரும் கல்வி உதவியில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வரி இல்லை. செமஸ்டருக்கு ஓரிரு பாடங்கள் என்று மெதுவாகப் படித்தால், கட்டணம் குறைந்த பல்கலைக்கழகத்தில் இந்தத் தொகையே கணிசமான பங்கைச் சுமக்கும். ஆனால் மூன்று இடங்களில் சறுக்கல் உண்டு. பணம் பல இடங்களில் பாடம் முடிந்து மதிப்பெண் வந்த பிறகே திரும்பக் கிடைக்கும். அதுவரை கைப்பணம் போட வேண்டும். படிப்பு முடிந்தபின் குறிப்பிட்ட காலம் அதே இடத்தில் பணிபுரியாவிட்டால் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கலாம். மூன்றாவது, எழுத்தில் வராதது: பட்டம் பெற்றதும் அதே நூலகத்தில் நூலகர் பதவி காலியாக இருக்கும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. பட்டம் பெற்றும் பழைய பதவியிலேயே, பழைய சம்பளத்திலேயே ஒப்பந்தக் காலத்தைக் கழிப்பவர்களின் வருத்தத்தை நான் லேசாக எண்ணவில்லை.

## மீதிக்குக் கடன்

உதவித்தொகை எட்டாத இடத்தைக் கடன் நிரப்புகிறது. 2025-இல் வந்த சட்டத்தின்படி, 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் முதுகலை மாணவர்களுக்குக் கூட்டரசுக் கடன் (அமெரிக்க மத்திய அரசு தரும் கல்விக் கடன்) ஆண்டுக்கு 20,500 டாலர் என்ற வரம்புக்குள் நிற்கும். பொது நூலகம், அரசுப் பல்கலைக்கழகம் போன்றவற்றில் முழுநேரம் பணிபுரிந்து, கடனைத் திருப்பிச் செலுத்துவதற்கான தகுதியான திட்டத்தின்கீழ் 120 மாதத் தவணைகள் செலுத்தியவரின் மீதிக் கூட்டரசுக் கடனைத் தள்ளுபடி செய்யும் திட்டம் 2007-இல் ஏற்பட்டது. ஆகவே தனியார் கடனுக்குப் போவதற்கு முன் கூட்டரசுக் கடனை முழுதும் பயன்படுத்துவதே நூலகராக விரும்புபவருக்குப் பொருந்தும்.

## எந்த நிலையில் எது

| உங்கள் நிலை | முதலில் நாட வேண்டியது | கவனிக்க வேண்டியது |
|---|---|---|
| மாணவர் விசா, நூலக அனுபவம் இல்லை | உதவியாளர் பணி | பதவியின் வகை, வரி, இரண்டாம் ஆண்டு உறுதி |
| குடியுரிமை உண்டு, அனுபவம் இல்லை, இடம்பெயர முடியும் | உதவியாளர் பணி அல்லது குழுத் திட்டம். கூடவே சங்க உதவித்தொகை | பல்கலைக்கழகம் தன் உதவியைக் குறைக்குமா என்பது |
| நூலகத்தில் ஏற்கெனவே வேலை | முதலாளியின் உதவியும் சங்க உதவித்தொகையும் | திருப்பித் தரும் ஒப்பந்தம் |
| பிரிவைப் பற்றி உறுதி உண்டு | அந்தப் பிரிவின் உதவித்தொகை | படிப்புக்குப் பிந்தைய பணிக் கடப்பாடு |

இரண்டாம் வரிசையில் இருப்பவர்களுக்குக் கால வரிசைதான் பெரிய தொல்லை. அமெரிக்க நூலகச் சங்கத்தின் உதவித்தொகைகளுக்கான கடைசித் தேதி வழக்கமாக மார்ச் 1 அளவில் வந்துவிடும்; உதவியாளர் பணிக்கான கடிதங்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகே வருகின்றன. பணி கிடைக்குமா என்று தெரிந்தபின் சங்கத்துக்கு எழுதலாம் என்று காத்திருப்பவர் அந்த ஆண்டையே இழக்கிறார். ஆகவே ஜனவரிக்குள் பரிந்துரைக் கடிதம் எழுதுபவர்களிடம் பேசிவிட்டு, இரண்டுக்கும் ஒரே சமயத்தில் விண்ணப்பிப்பதே சரி. பணிக் கடிதம் வந்து, உடனே பதில் வேண்டும் என்று அழுத்தம் வந்தால், அந்தப் பல்கலைக்கழகம் முதுகலைப் பள்ளிகள் பேரவையின் ஏப்ரல் 15 தீர்மானத்தில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் நிதியுதவியோடு கூடிய சேர்க்கைக்கு அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லும்படி மாணவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. நூலகம் தரும் உதவியாளர் பணி அந்தத் தீர்மானத்துக்குள் வருகிறதா என்பதைத் துறை அலுவலகத்திடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.